கடைசிப் பந்தி

மகளே, சபைச் செயலராக உன்னைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள் என்று உன் அப்பா போனில் சொன்னான். அந்தப் பொறுப்பில் பதினெட்டு வருஷம் இருந்தவன் உன் பெரியப்பாவாகிய நான். நான் தடுக்கி விழுந்த இடங்களைச் சொல்கிறேன், நீ பார்த்து நட.

1. கமிட்டிக்குப் புறப்படுமுன் வீட்டில் முழங்கால் போடு. கூட்டத்தில் செய்யும் ஆரம்ப ஜெபம் அதற்கு ஈடாகாது. நான் அந்த ஜெபத்தையே ஆயுதமாக்கியவன். "ஆண்டவரே, பிடிவாதக்காரர் மனதை இளக்கும்" என்பேன். யாரைச் சொல்கிறேன் என்று கண்ணை மூடியிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அதற்கு நேருக்கு நேர் சண்டை போட்டிருக்கலாம்.

2. சபையின் அசன விருந்தன்று கடைசிப் பந்தியில் உட்கார். ஒரு வருஷம் வெளியூரிலிருந்து வந்த போதகர் ஐயரோடு முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டு, வெற்றிலையும் போட்டு, வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாம் பந்தியில் சோறு தீர்ந்துவிட்டது. எழுந்து போனவர்களில் ஒரு விதவைத் தாய். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் போட்டு, மாதம் தவறாமல் ஆலயத்துக்குக் கொண்டுவருகிறவள். வருஷமெல்லாம் அரிசி கொடுத்தவளுக்கு அன்றைக்கு ஒரு கை சோறில்லை. அவள் யாரிடமும் குறை சொல்லவில்லை. அடுத்த மாதமும் அரிசி கொண்டுவந்தாள். அதை வாங்கும்போது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடைசியில் உண்கிறவனுக்குத்தான் பானையின் ஆழம் தெரியும்.

3. காணிக்கையை ஒருபோதும் தனியாக எண்ணாதே. எருசலேமின் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தில் குற்றச்சாட்டு வரக்கூடாதென்று பவுலே கூட ஆள் சேர்த்துக்கொண்டார். நீயும் நானும் எம்மாத்திரம்?

4. நீ வேலை வாங்குகிறவர்களிடம் நட்பாயிரு. நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1910-இல் எடின்பரோவில் நடந்த மிஷனெரி மாநாட்டில், மிஷனெரிகளின் தியாகத்தையெல்லாம் மெச்சிவிட்டு, எங்களுக்கு நண்பர்களும் வேண்டும் என்று கேட்டார். இரண்டு வருஷம் கழித்து ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். வெள்ளைக்காரரைப் பார்த்து அவர் கேட்டதை வருஷந்தோறும் மேடையில் பெருமையாகச் சொன்னவன் நான். ஆனால் நம் ஆலய மணி அடித்தவரிடம் பன்னிரண்டு வருஷம் சாவி கொடுத்து வாங்கினதோடு சரி. அவர் மனைவி படுக்கையில் கிடந்தது, அடக்க ஆராதனை அறிவிப்பை வாசிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

5. குற்றம் செய்த இடத்திலேயே மன்னிப்புக் கேள். ஆர்கன் வாசித்த பையன் ஒருவனைச் சபை முழுவதும் கேட்கத் திட்டினேன். பிறகு அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மெதுவாக வருத்தம் சொன்னேன். அவமானம் ஆலயத்தில், மன்னிப்புத் திண்ணையில். அவன் தலையாட்டினான். ஆனால் அதன்பின் நம் ஆலயத்துக்கு வரவில்லை.

6. உனக்கு வாக்களிக்காதவர்கள் வீட்டுக்கு முதலில் போ. இயேசு கால் கழுவிய அன்று யூதாசும் அந்த வரிசையில்தான் இருந்தான்.

7. இறங்கும் நாளை ஏறும்போதே நினைத்துக்கொள். மோசே உயிரோடிருக்கும்போதே சபைக்கு முன்னால் யோசுவாவின்மேல் கை வைத்தார். நானோ, "என்னை விட்டால் ஆளில்லை" என்று இரண்டு தேர்தல் கூடுதலாக நின்றேன். ஆள் இருந்தார்கள் மகளே, நான்தான் வளரவிடவில்லை. இந்த வருஷமே ஒரு வாலிபப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து மினிட் எழுதப் பழக்கு.

அசனத்துக்கு ஊருக்கு வருகிறேன். பெரியப்பா என்று முதல் பந்தியில் எனக்கு இலை போட்டுவிடாதே.