பால் வருமுன்: பாக்கெட் லைனுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு

திருவனந்தபுரம் தம்பானூர் ரயிலடியில் விடியுமுன்பே சாயாக்கடைகள் திறந்துவிடும். அங்கே கொதிக்கிற பால் முந்தின இரவு ஏதோ ஒரு டெய்ரியில் பாலிதீன் ஃபிலிமுக்குள் அடைபட்டு வந்தது. பெரும்பாலும் மில்மா. 1980-இல் ஆனந்த் மாதிரியில் உருவான கூட்டுறவு அது. இந்த நகரத்தில் அதன் டெய்ரி அம்பலத்தறையில் இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லையான களியக்காவிளையைத் தாண்டினால் ஆவின். தனியார் டெய்ரிகளும் இரண்டு பக்கமும் உண்டு. குமரி மாவட்டத்திலிருந்து காலை வண்டி பிடித்துத் தம்பானூரில் இறங்கி இந்த மாதிரி வேலைகளுக்குப் போகும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது, எந்திரத்தை எப்படி ஓட்டுவது என்றுதான். ஓட்டுவது சில நாளில் கைக்கு வந்துவிடும் மக்களே. ஓட்டுவதற்குமுன் எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. லைன் நிற்பதோ பெரும்பாலும் அந்தக் குறையால்தான்.

1. முதலில் கணக்கு. பாஸ்சரைஸ் செய்து 4 டிகிரிக்குக் குளிர்வித்த பால் சைலோவில் நிற்கும். வெளியே வண்டிகள் வரிசையில் நிற்கும். அந்த நேரத்தில் ரோல் தேடி ஸ்டோருக்கு ஓடுகிறவன் ஆப்பரேட்டர் இல்லை. 500 மில்லி கவருக்கு 32 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளம், 50 மைக்ரான் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கவருக்குச் சுமார் 2.2 கிராம் ஃபிலிம் ஆகும். 20 கிலோ ரோலில் ஒன்பதாயிரம் கவர் கிடைக்கும். நிமிடத்துக்கு 40 கவர் போடும் ஹெட்டில் அது மூன்றே முக்கால் மணி நேரம் ஓடும். எட்டு மணி நேர ஷிப்டுக்கு இரண்டு ரோல் போதும் என்றுதான் தோன்றும். கடைசி அரை மணிக்கு மூன்றாவது வேண்டியிருக்கும். ஸ்டோர்காரர் வீட்டுக்குப் போயிருப்பதும் அந்த அரை மணியில்தான். இந்த அளவுகளை அப்படியே எடுக்க வேண்டாம். உங்கள் கவரை வெட்டி, அளந்து, நிறுத்து, உங்கள் கணக்கை நீங்களே போட்டு எந்திரத்தின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

2. ரோலைத் தரையில் வைக்காதீர்கள். தம்பானூரைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஒரு நல்ல மழைக்கே பஸ் ஸ்டாண்டைச் சுற்றித் தண்ணீர் கட்டும் ஊர். வாய்க்கால்களைத் திறந்துவிட 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்று தனியாக ஒரு வேலையே நடத்த வேண்டியிருந்தது. மரப் பலகைமேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, வெயில் படாமல், உறை பிரிக்காமல் வையுங்கள். நிறுத்தி உருட்டினால் ஓரம் நசுங்கும்; நசுங்கிய ஓரம் எந்திரத்தில் ஏறியதும் ஒரு பக்கமாக இழுக்கும், செங்குத்து ஒட்டு வளையும். பழைய ரோல் முதலில் போக வேண்டும், புதியது பின்னால். உறைமேல் வந்த தேதியைப் பெரிதாக எழுதிவிட்டால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

ரோல் வந்த அன்றே மூன்று சோதனை செய்துவிடுங்கள். நாலைந்து இடத்தில் கனம் அளப்பது. அச்சின்மேல் செல்லோடேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்து, மை பெயர்கிறதா என்று பார்ப்பது. நடுவிலுள்ள அட்டைக் குழல் எந்திரத்தின் தண்டில் ஆடாமல் உட்காருகிறதா என்று போட்டுப் பார்ப்பது. தேறாத ரோலை அப்போதே தனியாக ஒதுக்கிச் சிவப்பு அட்டை கட்டுங்கள். ‘அவசரத்துக்கு இருக்கட்டும்’ என்று மற்றதோடு கலந்து வைத்த ரோல், அவசரத்தில்தான் கைக்கு வரும்.

3. எந்தப் பால், எந்த ஃபிலிம் என்பதை இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஆவினில் நீலம் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. ஆரஞ்சு ஃபிலிமில் சமன்படுத்திய பால் இறங்கினால் எந்திரம் ஒரு சத்தமும் போடாது. கவரும் அழகாகவே வரும். வாங்குகிறவர் மட்டும் ஏமாறுவார். லீக் ஆன கவரைக் கடைக்காரர் திருப்பி அனுப்புவார். இதை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள், அதனால்தான் இதைப் பெரிய குற்றம் என்கிறேன். ரோல் ஏற்றியவர் ஒருவர், சைலோ நம்பர் பார்ப்பவர் இன்னொருவர், இரண்டு கையெழுத்து.

நிறம் மாறினால், ஃபிலிமில் அச்சான கறுப்புக் கட்டத்தைப் பார்த்து வெட்டவைக்கும் ஐ-மார்க் சென்சாரையும் புதிதாகப் பழக்க வேண்டும். நீலப் பின்னணியில் தெளிவாகத் தெரிந்த கறுப்புக் கட்டம் வேறு நிறத்தில் மங்கும். சென்சார் தவறவிட்டால் பெயர் பாதியில் வெட்டுப்படும். சென்சார் கண்ணாடியைத் துடைக்கச் சுத்தமான துணி ஒன்று அங்கேயே தொங்கட்டும்.

4. இனி டெஃப்ளான். இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கவரை ஒட்டுவது ஒரு நைக்ரோம் பட்டை. எலிமென்ட் என்போம். கண் இமைக்கும் நேரம் மின்சாரம் பாயும், பட்டை சுடும், ஃபிலிம் உருகி ஒட்டும், பட்டையைத் தாங்கும் ஜாவுக்குள் ஓடும் தண்ணீர் உடனே குளிர்விக்கும். பட்டையோடு ஃபிலிம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவே டெஃப்ளான் துணி. எதிர்ப்பக்கம் அழுத்தம் கொடுக்கச் சிலிக்கான் ரப்பர். பல லட்ச ரூபாய் எந்திரத்தில் ஒட்டு நிற்பதும் நிற்காததும் இந்தத் துண்டுத் துணியில் இருக்கிறது.

டெஃப்ளான் தேய்ந்தால் பழுப்பு நிறமாகும், சுருக்கம் விழும், ஊசித்துளை போல எரிந்த புள்ளி தெரியும். அந்தப் புள்ளி ஒவ்வொரு கவரிலும் அதே இடத்தில் ஒரு பொடி ஓட்டையாக இறங்கும். ஒரு தனியார் டெய்ரியில், இரவெல்லாம் கவர் கசிகிறது என்று வெப்பத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். ஏற்ற ஏற்றத் துணி இன்னும் வேகமாகக் கருகியது; விடியும்போது ஒட்டு வெட்டாகவே மாறி, கவர் ஓரத்தோடு பிரிந்து விழுந்தது. ஸ்டோரில் டெஃப்ளான் ரோல் முழுதாக இருந்தது. அளவாக வெட்டி வைத்த துண்டு மட்டும் ஒன்றுகூட இல்லை.

கசிவு வந்தால் இந்த வரிசையில் பாருங்கள்: டெஃப்ளான், ரப்பரில் பள்ளம், எலிமென்ட் தொய்ந்திருக்கிறதா, குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறதா. இவை நாலும் சரி என்றால்தான் வெப்பத்தில் கை வையுங்கள். ஷிப்ட் தொடங்குமுன் செங்குத்து ஒட்டுக்கும் கிடை ஒட்டுக்கும் தனித்தனியாக, அளவாக வெட்டிய டெஃப்ளான், ரப்பர், எலிமென்ட் ஒரு பெட்டியில் இருக்கட்டும். மாற்றும்போது மின்சாரத்தையும் காற்றழுத்தத்தையும் சேர்த்தே நிறுத்துங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கையை விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்றில் ஓடும் ஜாவுக்குச் சுவிட்ச் தெரியாது.

ஒட்டைச் சூடாக இருக்கும்போதே இழுத்துப் பார்த்துக் குறை சொல்ல வேண்டாம், ஆறினால்தான் அதற்குப் பலம் வரும். நம்பிக்கை வராவிட்டால் ஒரு கவரின் மேற்பாதியை வெட்டி, சாயம் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி, செய்தித்தாள்மேல் வைத்துவிடுங்கள். கசிவு எங்கே என்று தாளே காட்டும்.

5. அளவு மாற்றுவதற்கான சாமான் எல்லாம் தள்ளுவண்டியில் வர வேண்டும். ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் 1969-இல் டொயோட்டா ஆலையில் ஆயிரம் டன் பிரஸ் ஒன்றின் அச்சு மாற்றும் வேலையைப் பார்த்தார். நாலு மணி நேரம் எடுத்த வேலை முதலில் ஒன்றரை மணியாகி, பிறகு மூன்று நிமிடமானது. மந்திரம் ஒன்றுமில்லை. எந்திரம் நின்றபிறகு செய்தே ஆக வேண்டியது எது, ஓடும்போதே செய்து வைக்கக்கூடியது எது என்று பிரித்தார்கள், அவ்வளவுதான். கல்யாண வீட்டில் முந்தின இரவே தேங்காய் துருவி வைப்பதில்லையா, அந்தப் புத்திதான்.

200 மில்லிக்கு மாற வேண்டும் என்றால் அதற்கான ஃபார்மிங் ட்யூப், ஃபிலிமை மடித்து இறக்கும் காலர், குறுகிய ரோல், ஆலன் கீ, ஸ்பானர் எல்லாம் பழைய அளவு ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டியில் பக்கத்தில் நிற்க வேண்டும். காலரின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு சின்னப் பிசிறு போதும், ஃபிலிமை நெடுகக் கீறிவிடும். காலரை இரும்பு அலமாரியில் எறிந்து வைப்பவனிடம் நான் பேசவே மாட்டேன். எந்த நிலையில் எந்தத் திருகு என்று பெயின்ட்டில் கோடு போட்டு வைத்தால் அடுத்தமுறை அளவு தேடி அலைய வேண்டாம்.

6. நாஸில், ஓ-ரிங், கேஸ்கெட். கழுவுவதற்காகக் காஸ்டிக்கும் சுடுதண்ணீரும் தினமும் ஓடுவதால் ரப்பர் உப்பும், பிளக்கும். உணவுத் தரத்தில் உள்ளதையே வாங்குங்கள். கடைவீதியில் அளவு ஒத்துப்போகிற மோட்டார் வண்டி ஓ-ரிங் கிடைக்கும், வேண்டாம்.

7. தேதியும் எடையும். தேதி அச்சடிக்கும் ரிப்பன் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பாருங்கள், தேதி எழுத்தைச் சத்தமாக வாசித்துவிட்டுத் தொடங்குங்கள். நள்ளிரவு ஷிப்டில் தேதி தவறுவது சாதாரணம். தராசை எடைக்கல்லால் சரிபார்த்து எந்திரத்தின் பக்கத்தில் வையுங்கள். பால் தண்ணீரைவிடக் கனம். 500 மில்லி சுமார் 515 கிராம், கவரோடு 517. பத்துக் கவரை நிறுத்துச் சராசரி எடுங்கள். ஒரு தனிக் கவரில் 15 மில்லி வரை குறையலாம் என்று சட்ட அளவை விதி இடம் கொடுக்கிறது. ஆனால் சராசரி குறையக்கூடாது. அந்த 15-ஐ ‘நமக்குக் கிடைத்த சலுகை’ என்று நாஸிலைக் குறைத்து வைக்கச் சொல்லும் மேலாளர் வந்தால், எழுத்தில் கேளுங்கள்.

8. ஃபிலிம்மேல் படும் யு.வி. விளக்கு நீலமாக எரிவதால் மட்டும் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒளி இருக்கும், கிருமியைக் கொல்லும் வீரியம் தீர்ந்திருக்கும். எத்தனை மணி நேரம் எரிந்தது என்று எழுதி, தயாரிப்பாளர் சொன்ன கணக்கில் மாற்றுங்கள். வெறும் கண்ணால் பார்க்காதீர்கள்.

9. டப் இல்லாமல் கவர் எங்கே விழும்? கழுவிய டப் போதுமான அளவு அடுக்கி வைத்தபிறகே எந்திரத்தைத் தொடுங்கள். உடைந்த டப்பின் கூர்முனை நல்ல கவரையும் குத்தும். அதை எடுத்துப் போட மனம் வராதவர்கள் நிறைய.

10. ஓணம். ஓணத்துக்கு முந்தின நாட்களில் பாயசத்துக்குப் பால் வாங்காத வீடு இங்கே கிடையாது. ஷிப்ட் நீளும், எந்திரம் நிற்காது. ஃபிலிம் அச்சடிப்பவர்களுக்கும் எல்லா டெய்ரியிலிருந்தும் அதே வாரம் ஆர்டர் குவியும், ஆகவே மலையாளச் சிங்கம் மாதம் பிறக்குமுன்பே இன்டென்ட் போட்டுவிடுங்கள். கவரில் விலையோ வாசகமோ மாறப்போகிறதா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் பண்டிகை கழிந்ததும் பழைய அச்சு ரோல் மூலையில் கிடக்கும். டெஃப்ளான், எலிமென்ட், ரப்பர், ரிப்பன் நாலும் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு வாங்குங்கள், வெட்டியே வையுங்கள். ஓணத்தன்று கடை திறந்திருக்காது. ஃபிட்டரும் ஊருக்குப் போயிருப்பார். போகுமுன் அவரிடம் உதிரிச் சாமான் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.