சாஸ் பாட்டிலில் ஒளிந்திருக்கும் சர்க்கரை

மிளகாயின் காரம் ரத்தச் சர்க்கரையை ஏற்றாது. அதோடு பாட்டிலில் சேர்ப்பதுதான் ஏற்றும். ஒரு மேசைக்கரண்டி தக்காளி கெச்சப்பில் சுமார் 4 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் சர்க்கரை இருக்கிறது. ஸ்வீட் சில்லி சாஸில் இன்னும் அதிகம். சமோசா தட்டில் இருக்கும்போது ஒரு கரண்டியோடு யார் நிறுத்துகிறார்கள்?

லேபிளில் அதிக எடையுள்ள பொருள்தான் முதலில் வரும். முதல் மூன்றில் சர்க்கரையோ குளுக்கோஸ் சிரப்போ இருந்தால் பாட்டிலைத் திரும்ப வைத்துவிடுங்கள். லேபிளில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருளையும் கவனியுங்கள்; அது அவ்வளவாக இனிக்காது, ஆனால் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும்.

வீட்டில் புதினா, பச்சைமிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்து அரைத்த சட்னி போதும். ஊறுகாயில் உப்புதான் சிக்கல். சர்க்கரை நோயோடு ரத்தக்கொதிப்பும் இருந்தால் தொட்டு நக்கும் அளவோடு நிறுத்துங்கள். மாங்காய்ப் பச்சடியில் போடும் வெல்லமும் சர்க்கரைக் கணக்குதான்.