பேருந்து நிலையத்தில் ஒரு வெண்பா

ஒன்பதாம் வகுப்பில் யாப்பிலக்கணம் நடத்தும்போதெல்லாம் ‘நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா’ என்று ஒப்பிக்க வைப்பதே என் வழக்கம். ஒப்பிப்பார்கள். தேர்வில் அலகிடச் சொன்னால் ‘படு’ என்பதை ‘ப/டு’ என்று பிரித்து வைப்பார்கள். பிழை அவர்களுடையது என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

இந்த ஆண்டு நூலை மூடிவிட்டு, பேருந்துப் பலகைகளில் பார்த்த ஊர்களைச் சொல்லச் சொன்னேன். தனிக்குறிலைத் தொடர்ந்து இன்னொரு குறிலோ நெடிலோ வந்தால் இரண்டும் சேர்ந்து நிரை. நெடில் தனித்தே நேர். ஒற்று முன்னெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், தனி அசையாகாது. இவ்வளவுதான் சொன்னேன். தேனி தேமா, மதுரை புளிமா, ஆவடி கூவிளம், விழுப்புரம் கருவிளம், ஈரோடு தேமாங்காய் எனக் கரும்பலகை நிறைந்தது.

கடைசி வரிசையிலிருந்து ஒருவன், “ஐயா, கரூருக்கு மட்டும் மரம் இல்லையா?” என்றான். சீர் என்றால் இரண்டு, மூன்று அசை என்று சற்றுமுன் சொன்னவன் நான். ‘கரூர்’ குறில் நெடில் ஒற்று, ஒரே நிரையசை. எனக்கும் ஒரு நொடி தடுமாற்றம்தான். பிறகு சொன்னேன்: “அதற்கு மலர் உண்டு. வெண்பாவின் கடைசியில்தான் உட்காரும்.” நாள், மலர், காசு, பிறப்பு நான்கையும் அன்றே முடித்தேன்.

தளைக்கும் ஊர்களே உதவின. மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் வந்தால் வெண்டளை. சேலத்தை அடுத்து மதுரை வரலாம். மதுரையை அடுத்துத் தேனி வந்தால் தட்டும். குழுவாகக் கூடிப் பேசி ஒரு குறள்வெண்பா கட்டினார்கள்:

பழனி கடலூர் மதுரை திருச்சி
விழுப்புரம் தேனி கரூர்

ழகர எதுகைகூட விழுந்துவிட்டது! தளை எங்கும் தட்டவில்லை. கைதட்டல் அடங்கியதும் ஒரு மாணவி, “இது பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி இருக்கு ஐயா, கவிதை மாதிரி இல்லையே” என்றாள். யாப்பு நடத்தி முடித்த எந்த வகுப்பிலும் இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. கேட்க நான் இடம் கொடுத்ததுமில்லை. “அப்படியென்றால் நீயே எழுதி வா” என்றேன்.

மறுநாள் கொண்டுவந்தாள். திங்கட்கிழமை விடியற்காலை பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் பேருந்தேறும் அப்பா, தூரத்தில் சிறுத்துப்போகும் பின்விளக்கு, இரண்டே அடி. தளை தட்டிய இடங்களை அவளே எண்ணி ஓரத்தில் ‘4’ என்று குறித்திருந்தாள்.

இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். சொற்களை இடம் மாற்றி இரண்டைச் சரிசெய்தாள். மற்ற இரண்டையும் திருத்திப் பார்த்துவிட்டு, “தளை சரியாகுது ஐயா, ஆனா அப்பா காணாமப் போயிடறாரு” என்றாள்.

அந்த இரண்டையும் அப்படியே விட்டோம்.