ஒரு கதைக்கு ஒரு பரிசு

பண்டைக் காலத்திற் புலவர் ஒரு பாட்டுப் பாடிப் பரிசில் பெற்றனர். யானையும் பொன்னும் பெற்று மீண்டோர் உளர். வாயிலில் நெடுநாட் காத்திருந்து வெறுங்கையொடு திரும்பினோரும் உளர். புறநானூற்றைப் பாடஞ் சொல்லும்போது பரிசில் துறை வந்தவிடத்து, “சேர், ஒரு பாட்டுக்கா இவ்வளவு?” என்று எம் மாணவர் வினவுவதுண்டு. முன்னெல்லாம் அவ்வினாவைச் சிரித்துக் கடந்துவிடுவோம். இப்பொழுது அங்ஙனம் கடக்க இயலவில்லை. பாட்டு ஒன்று; பரிசிலும் ஒன்று. ‘நின் பாடல்களையெல்லாம் நூலாகக் கட்டிக்கொண்டு வா, அதன்பின் தருவோம்’ என்று எந்த வள்ளலும் சொன்னதாகக் காணோம். தொகுத்தவர்கள் பிற்காலத்தவர்கள்.

இவ்விழா மலருக்குச் சிறுகதை பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, இந்த எண்ணத்தையே விரித்தெழுதலாம் எனத் துணிந்தோம். எமது காலத்திற் பரிசில் யாருக்கு, எதற்கு வழங்கப்படுகிறது என்பதும், அதனால் மலைநாட்டுச் சிறுகதை பெற்றதும் இழந்ததும் எவை என்பதுமே இங்கு நாம் ஆராய எடுத்துக்கொண்டவை.

முதலில் வெகு தொலைவிலுள்ள ஒரு நாட்டைப் பார்ப்போம். எஸ்தோனியா பால்டிக் கடலோரத்துச் சிறு நாடு. அதன் மக்கள் தொகை ஏறத்தாழப் பதின்மூன்று இலட்சம். அந்நாட்டுக் குடியானவர் நெடுங்காலம் ஜெர்மானியப் பிரபுக்களின் பண்ணைகளிற் கட்டுண்டு கிடந்தனர். 1816ஆம், 1819ஆம் ஆண்டுகளில் வந்த சட்டங்களே அவர்களைப் பண்ணையடிமையினின்றும் விடுவித்தன. அத்தகைய பண்ணையொன்றிலே தச்சுத் தொழில் செய்தவரின் மைந்தராக 1886ஆம் ஆண்டிற் பிறந்தவர் பிரீடெபெர்ட் துக்லாஸ் என்னும் எழுத்தாளர். இளமையில் 1905ஆம் ஆண்டுப் புரட்சியிற் கலந்துகொண்டமையால் பத்தாண்டுக்கு மேல் அயல்நாடுகளில் அலைந்து திரிந்தவர்; தம் மொழியிற் சிறுகதையை ஒரு நுண்கலையாக உயர்த்தியவர். அவர் பெயரால் 1970ஆம் ஆண்டில் ஒரு பரிசு நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார், பரிசு மறையவில்லை. சோவியத் ஆட்சி நிலவிய காலத்தும், 1991இல் நாடு விடுதலை பெற்ற பின்னரும், அவர் பிறந்த நாளாகிய மார்ச் 2ஆந் திகதியோடு சார்த்தி ஆண்டுதோறும் இரண்டு சிறுகதைகளுக்கு அது வழங்கப்பட்டு வருகின்றது. நூலுக்கு அன்று, கதைக்கு என்பதை மாணவர் கருத்தில் இருத்துக. சஞ்சிகையின் ஒரு மூலையில் வெளிவந்த கதையாயினும் அதற்கு உரிமை உண்டு.

அதே 1970ஆம் ஆண்டிற் சென்னையில் ‘இலக்கியச் சிந்தனை’ என்னும் அமைப்புத் தோன்றியது தற்செயலே. எனினும் வியப்பான ஒற்றுமை அது. திங்கள்தோறும் இதழ்களில் வந்த கதைகளுள் ஒன்றைத் தேர்ந்து, ஆண்டு முடிவில் அப்பன்னிரண்டினுள்ளும் சிறந்ததைத் தெரிந்து, பன்னிரண்டையும் ஒரு நூலாகவும் வெளியிட்டனர். எழுதியவன் அச்சகத்தின் படியேற வேண்டியதில்லை. கதையைத் தேடிக்கொண்டு பரிசு போயிற்று.

இனி எம் மலைநாட்டுக்கு வருவோம். 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இந்தியத் தமிழர் என்னும் பெயரிற் பதியப்பட்டோர் எட்டு இலட்சத்து நாற்பதினாயிரம் அளவினர். எஸ்தோனியரைப் போன்றே எமது மக்களும் பிறர் நிலத்திற் பரம்பரை பரம்பரையாக உழைத்தவர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இரு நாட்டுக்குமாகப் பங்கிடப்பட்டவர்கள். இவர்களைப் பற்றிய கதைகள் முதலிற் பெரும்பாலும் வெளியேயிருந்துதான் வந்தன. தமிழகத்திலிருந்து புதுமைப்பித்தன் எழுதிய ‘துன்பக்கேணி’யை யாவரும் அறிவர். உள்ளேயிருந்து எழுதியோருள் கோ. நடேசய்யரை முன்னோடியாகக் கொள்வது ஆய்வாளர் வழக்கு. ஆயின், தோட்டத்து லயத்திற் பிறந்தவன் தோட்டத்துக் கதையைத் தானே எழுதலாம் என்னும் துணிவு பரவலாக ஏற்பட்டது 1960களிலேதான்.

அத்துணிவைத் தந்தவற்றுள் ஒன்று பரிசு. அக்காலத்தில் வீரகேசரிப் பத்திரிகை மலையக எழுத்தாளர்க்கெனச் சிறுகதைப் போட்டிகளை நடத்தியது. அப்பத்திரிகையிற் பணியாற்றிய எஸ். எம். கார்மேகம் இதில் முன்னின்று உழைத்தவர். தெளிவத்தை ஜோசப், சாரல்நாடன் முதலானோர் இப்போட்டிகளின் வழியே பரவலாக அறியப்பட்டனர். தோட்டத்து எழுதுவினைஞரும் ஆசிரியரும் பகல் வேலை முடித்து, மண்ணெண்ணெய் விளக்கின் முன்னமர்ந்து எழுதித் தபாலிற் சேர்த்த கதைகள் அவை. பரிசு பெற்றவை 1971ஆம் ஆண்டிற் ‘கதைக்கனிகள்’ என்னும் தொகுதியாயின. நாம் பயிற்சிக் கலாசாலையில் இருந்த நாளில் நூலகத்தின் அடித்தட்டில் அத்தொகுதியைக் கண்டெடுத்தோம். அட்டை இல்லை, முதற் சில பக்கங்களும் இல்லை. இருந்தும், பிரட்டுக்களமும் கொழுந்து மடுவமும் அச்செழுத்தில் நிற்பதை முதன்முறை கண்ட அந்த மாலையை இன்னும் மறந்தோமல்லோம்.

ஒரு கதையும் ஒரு நூலும் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கக்கூடும் என்பதற்கு என். எஸ். எம். இராமையாவைக் காட்டினாற் போதும். வானொலி நாடகங்கள் எழுதிக்கொண்டிருந்த அவர், 1961ஆம் ஆண்டிற் தினகரனில் ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்னும் கதையை எழுதினார். கொழுந்து பறிக்கும் இளம்பெண் ஒருத்தி ஒருநாள் எவரும் எதிர்பாராத நிறையிற் கொழுந்து எடுத்துவிடுகிறாள். அது அவள் கையாற் பறித்ததுதானா என்ற ஐயம் மலையிற் பரவுகிறது. கதை இவ்வளவே. ஆயினும் மாணவர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இதிற் கொடிய துரை இல்லை, சாவு இல்லை, கண்ணீர் வெள்ளமும் இல்லை. தராசில் ஏறிய ஒரு கூடைதான் கதையின் அச்சு. உழைப்பின் அளவு வேறு, உழைத்தவளின் மானம் வேறு என்று நாம் எண்ணியிருக்க, இரண்டும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன. தேயிலை மலையில் ஒரு நாளேனும் கூடை சுமந்தவரை அறியாதவர்க்கு இக்கதை தோன்றியிராது. வகுப்பில் இக்கதையை நாம் பன்முறை நடத்தியிருக்கிறோம். தோட்டத்துப் பிள்ளைகள் தலைப்பைக் கேட்டவுடனே ‘எத்தனை கிலோ?’ என்று கேட்பார்கள். நகரத்துப் பிள்ளைகள் அங்ஙனம் கேட்பதில்லை.

1961இல் எழுதிய இக்கதை நூலில் இடம்பெற்றது 1980ஆம் ஆண்டிலே. பத்தொன்பது ஆண்டுகள்! மு. நித்தியானந்தன் தமது வைகறை வெளியீடாக அத்தொகுதியைக் கொணர்ந்தார். சாகித்தியப் பரிசும் அதற்குக் கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டு, அதே வைகறை வெளியிட்ட தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’ என்னும் தொகுதியும் சாகித்தியப் பரிசு பெற்றது. இவ்விரு பரிசுகளாலும் மலைநாடு பெருமையுற்றது மெய்யே. ஆயின் அரசு வழங்கியது நூலுக்கு; நித்தியானந்தன் போன்ற ஒருவர் தம் பொருளையும் காலத்தையும் செலவிட்டிராவிடின் நூல் ஏது, பரிசு ஏது? அவர் கண்ணிற் படாத கதைகள் எத்தனை?

அரசின் பரிசை நாம் குறைத்துக் கூறுவதாக எவரும் கொள்ளற்க. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்துந் தொழில் செய்துகொண்டே எழுதிய டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்னும் தொகுதி 1960ஆம் ஆண்டில் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டோர் வாழ்வைக் கூறும் கதைகளுக்கு அரச மேடையில் மாலை விழுந்தது சிறு நிகழ்ச்சியன்று. மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’யும், எமக்கு அயலூராகிய மாத்தளையைச் சேர்ந்த மலரன்பனின் ‘கோடிச்சேலை’யும் அவ்வாறே சிறப்புப் பெற்றவை. மலரன்பன், மாத்தளை சோமு, வடிவேலன் ஆகிய மூவரும் தனித்தனியே நூல் வெளியிடும் வசதியின்றிப் போலும், 1980ஆம் ஆண்டில் ‘தோட்டக்காட்டினிலே’ என ஒரு தொகுதியைக் கூட்டாகக் கொணர்ந்தனர். மூவர் சேர்ந்து ஒரு வீட்டைக் குடிக்கூலிக்கு எடுப்பதுபோல் அது எமக்குத் தோன்றும்.

உதிர்ந்து கிடந்தவற்றைப் பொறுக்கித் தொகுத்த பெருமை துரை விஸ்வநாதனைச் சாரும். மாத்தளைப் பகுதியிலே தோன்றி, கொழும்பில் வணிகம் செய்த அவர், 1997ஆம் ஆண்டில் ‘மலையகச் சிறுகதைகள்’ என 33 கதைகளையும், ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ என 55 கதைகளையும் இரு தொகுதிகளாக வெளியிட்டார். தேடித் தொகுத்தவர் தெளிவத்தை ஜோசப். அப்பணியின் தொடர்ச்சியாகவே 2000ஆம் ஆண்டில் அவருடைய ‘மலையகச் சிறுகதை வரலாறு’ வந்தது. 2013ஆம் ஆண்டிற் தமிழகத்து விஷ்ணுபுரம் விருது அவரை நாடி வந்தபோது, அவர் பெயரையே அதுவரை கேட்டிராத வாசகர் பலர் அவர் நூல்களைத் தேடினர். 2022ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். பரிசின் முதற் பயன் பணமன்று, தேடப்படுதல் என்பதை அவ்விருதால் உணர்ந்தோம்.

கண்டி நகரும் இதிற் பங்கில்லாததன்று. தலாத்துஓயாவில் வாழ்ந்த கே. கணேஷ் சீனத்து லூசுன் கதைகளைத் தமிழாக்கித் தந்தார். 2000ஆம் ஆண்டிற் வைத்தியர் தி. ஞானசேகரன் கண்டியிலிருந்து ‘ஞானம்’ சஞ்சிகையைத் தொடங்கினார். தோட்டங்களில் வைத்தியராகப் பணியாற்றிய எழுத்தாளர் புலோலியூர் க. சதாசிவத்தின் நினைவாக அச்சஞ்சிகை நடத்திய சிறுகதைப் போட்டிகள், ஒரு கதைக்கு ஒரு பரிசு என்னும் பழைய முறையையே தழுவியவை.

போட்டிகளாற் கேடும் உண்டு. நடுவரை மனத்தில் வைத்து எழுதப்படும் கதை நடுவரைப் போலவே பேசத் தொடங்கிவிடும். எம்மிடம் வரும் மாணவர் கதைகள் இருபதிற் பதினைந்திலேனும் இறுதியில் ஒருவர் இறந்துவிடுகிறார். எஞ்சியவற்றுள் ஒருவர் மனந்திருந்துகிறார். சென்ற ஆண்டு ஒரே கதையிற் பேருந்து விபத்தும், மண்சரிவும், புற்றுநோயும் வந்து சேர்ந்தன. எழுதிய பிள்ளையை அழைத்து, “இவர்களுள் ஒருவரையாவது பிழைக்க விடலாகாதா, மகள்?” என்று கேட்டோம். “செத்தாத்தான் சேர் பரிசு” என்று அவள் சொன்னாள். இதற்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

ஆயினும் வேறொரு கதையை இங்கே சொல்லாதிருக்க முடியாது. பத்தாண்டுகளுக்கு முன், வத்தேகமைக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து மடவளைக்கு வந்து எம்மிடம் கற்ற மாணவன் ஒருவன் ஒரு போட்டியிற் கதை எழுதினான். மண்டபத்திலமர்ந்து குறித்த நேரத்துள் எழுதி முடிக்கும் போட்டி அது. அவன் பாட்டிக்குச் சேமலாப நிதிப் பணம் கிடைக்கவில்லை. தோட்டப் பதிவிலுள்ள பெயர் வேறு, அடையாள அட்டையிலுள்ள பெயர் வேறு. அலுவலகத்தில் தடுமாறாதிருக்கும் பொருட்டு, அக்கிழவி இரவில் அடுப்பங்கரையிலிருந்து தனக்கு உரிமையில்லாத அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழகுகிறாள். அவ்விடத்திற் கதை முடிந்தது. அக்கதையில் ஒருவரும் இறக்கவில்லை. முதற் பரிசு கிடைத்தது. பெற்றோர் கூட்டத்திற் கை தட்டினோம். சான்றிதழை அவன் வீட்டுக்குக் கொண்டு சென்றான்.

மூன்றாண்டுகளின் முன் அவன் எம்மைத் தேடி வந்தான். கொழும்பிற் கடையொன்றில் வேலை, மீசை அரும்பியிருந்தது. பாட்டி காலமாகிவிட்டார், கருமாதியன்று வீட்டாருக்கு அந்தக் கதையை வாசித்துக் காட்ட விரும்புகிறான். “சேர்ட்ட ஒரு கொப்பி இருக்கும்னு நெனச்சேன்” என்றான். எம்மிடம் இல்லை. எழுதிய தாள்கள் நடுவரோடு போயின. விசாரித்தபோது, அவை உரிய காலத்தில் அழிக்கப்பட்டிருக்கும் என்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கு முன், அன்று மாலையே அவனை இருத்தி நினைவிலிருந்து மீண்டும் எழுதச் செய்யாத எம்மையே நாம் நொந்துகொண்டோம். சான்றிதழ் அவனிடம் இருந்தது. கதை ஒருவரிடமும் இல்லை.

பழைய மாணவ நண்பர்கள் இக்கல்லூரிக்குக் கட்டடமும் விளையாட்டுக் கிண்ணங்களும் தந்துள்ளனர். அவற்றோடு, ஆண்டுக்கு ஒரு கதைக்கு ஒரு பரிசும் தரலாம். பெருந்தொகை வேண்டியதில்லை. ஒன்று மட்டும் வேண்டும்: பரிசு பெற்ற கதை அவ்வாண்டுக் கல்லூரிச் சஞ்சிகையில் முழுமையாக அச்சேற வேண்டும், பரிசு பெறாதவற்றின் பிரதிகளும் நூலகத்தில் இருக்க வேண்டும். அப்பையன் வந்து சென்றது முதல், போட்டி முடிந்த மறுநாளே பிள்ளைகளை நினைவிலிருந்து எழுதச் செய்து, நாமே தடித்த கொப்பிகளிற் படியெடுத்து வைத்து வருகிறோம். இரண்டு கொப்பிகள் நிறைந்து மூன்றாவதிற் பாதி வந்துள்ளது. முப்பத்தொரு கதைகள் இருக்கின்றன. பார்க்க விரும்புவோர் பாடசாலை விட்ட பின் மடவளையில் எம் இல்லத்துக்கு வரலாம். ஆனாற் கொப்பியை வெளியே கொண்டுபோகக் கொடுக்கமாட்டோம்.