வாந்தி எடுக்காதவரை முதலில் பாருங்கள்

புதிதாக ஆஷா வேலைக்கு வந்திருக்கும் பெண்களுக்கு, பாகூர் கொம்யூனில் கிராமச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் சொல்வது. பாம்புக்கடியும் பூச்சிமருந்தும் பயிற்சி வகுப்பிலேயே வந்துவிடும். வேலியில் நிற்கும் செடிகளுக்கு அங்கே அதிக நேரம் கிடைக்காது.

1. வேலையில் சேர்ந்ததும் ஊரைச் சுற்றி நடந்து வாருங்கள். ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், கோயில் நந்தவனம் என்று பார்த்தால் மஞ்சள் அரளி, செவ்வரளி, ஊமத்தை, எருக்கு, காட்டாமணக்கு எல்லாம் தென்படும். வெட்டச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். அரளி சாமிக்கு, எருக்கு பிள்ளையாருக்கு. பள்ளிக்கூடம், அங்கன்வாடி வேலிகளில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

2. காட்டாமணக்குக் கொட்டையைப் பிள்ளைகள் நிலக்கடலை மாதிரி உடைத்துத் தின்னும். சீக்கிரமே தொண்டை எரிச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். நாலைந்து பிள்ளைகள் ஒன்றாக வாந்தி எடுத்தால் ஊரே கூடிவிடும். எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலானவை ஓரிரு நாளில் தேறிவிடும். ஆர்ப்பாட்டம் பெரிது, ஆபத்து அந்த அளவுக்கு இல்லை.

3. ஒடுவந்தழை என்னும் நச்சு இலை இதற்கு நேர்மாறு. தின்றவர் நடந்தே வருவார், நன்றாகப் பேசுவார். "எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போறேன்" என்பார். உள்ளே சிறுநீரகம் பொட்டாசியத்தைச் சிறுநீரில் இழந்துகொண்டிருக்கும், இரத்தத்தில் அமிலம் ஏறிக்கொண்டிருக்கும். கை கால் தளரும். இதயத் துடிப்பு தாறுமாறாவது மூன்றாம் நாளோ நான்காம் நாளோகூட வரலாம். இதற்கென்று தனி மாற்றுமருந்து இல்லை. ஆனாலும் பொட்டாசியத்தை அளந்து அளந்து ஏற்றி, மானிட்டரில் கண் வைத்து, தேவைப்பட்டால் தற்காலிக பேஸ்மேக்கர் பொருத்திப் பலரைப் பிழைக்க வைக்கிறார்கள். ஜிப்மர் மருத்துவர்கள் இந்தத் தழையைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளே எழுதியிருக்கிறார்கள். இரண்டாம் நாள் "ஆள் நல்லாத்தானே இருக்கு" என்று உறவுக்காரர் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போகப் பார்ப்பார்கள். அங்கேதான் உங்கள் வேலை. கெஞ்சுங்கள், சண்டை போடுங்கள், வார்டை விட்டு அனுப்பாதீர்கள்.

4. எந்தச் செடி என்று டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். ஒடுவந்தழையில் பொட்டாசியம் இறங்கும், அரளியில் ஏறலாம். அரளியில் நாடி மெதுவாகும், விட்டு விட்டு அடிக்கும். "உடம்பு சூடு தணியட்டும்" என்று இளநீர் வெட்டிக் கொடுக்கிறார்களே, அதில் பொட்டாசியம் நிறைய. அரளி தின்றவருக்கு அது கூடவே கூடாது. இலை, காய், வாந்தியில் வந்த துண்டு, எது கிடைத்தாலும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். கிடைக்காவிட்டால் போனில் படம் பிடியுங்கள். அரளிக்கு, ஆட்டின் இரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்மருந்து பலன் தருவதை இலங்கையில் நடந்த ஆய்வு காட்டியது. 2000இல் அது வெளியானது. விலை அதிகம் என்பதால் நம் பக்கம் எளிதில் கிடைப்பதில்லை.

5. சாணிக் கரைசல், உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், எதுவும் வேண்டாம். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். மயக்கத்தில் இருப்பவருக்கு வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள், தின்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

6. நாய்க்கடிக்கு ஊமத்தஞ்சாறு கொடுக்கும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. குடித்தவருக்குக் கண்மணி விரியும், வாய் உலரும், தோல் சிவந்து சுடும், இல்லாததைப் பிடிக்கக் கை நீட்டுவார், பிதற்றுவார். வெறிநோய் வந்துவிட்டது என்று வீட்டார் ஆளைக் கட்டிப்போடக்கூடும். சாறு கொடுத்தீர்களா என்று முதலில் கேளுங்கள். நாய்க்கடிக்குச் சோப்புப் போட்டுக் கழுவுவது, தடுப்பூசி. மற்றதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

7. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பல சமயம் பெரிதாக வலிக்காது, பார்வை மட்டும் மங்கும். வலியில்லை என்று சும்மா இருந்துவிடுவார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டுகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கால் மணி நேரம் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவி, அன்றைக்கே கண் டாக்டரிடம் அனுப்புங்கள்.

8. குன்றிமணியை முழுசாக விழுங்கிய குழந்தைக்கு அது பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். கடித்து மென்றிருந்தால்தான் ஆபத்து. கடித்ததா இல்லையா என்று குழந்தை சொல்வதை நம்பி இருக்காதீர்கள். அறிகுறி மறுநாளும் வரலாம்.

9. வேண்டுமென்றே தின்றவர் வீட்டில் போலீஸ் கேஸ் பயத்தில் செடியின் பெயரை மறைப்பார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், இப்படிச் செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே எடுத்துக்கொள்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. அதைத் தைரியமாகச் சொல்லுங்கள். ஏன் தின்றாய் என்று வாசலில் வைத்து விசாரிக்காதீர்கள். வீடு திரும்பிய பிறகு பத்து நாளுக்கு ஒருமுறையாவது எட்டிப் பாருங்கள். ரேஷன் கடை, நூறு நாள் வேலை என்று ஏதாவது சாக்கு இருக்கும். மனம் விட்டுப் பேச 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள். அவர்கள் போனிலேயே பதிந்து கொடுங்கள்.