கூம்புக் கருவிழியும் கான்டாக்ட் லென்ஸும்: தம்பதியர் அறிய வேண்டியவை



ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கண்ணாடி பவர் மாறுகிறதா? கண்ணாடி போட்டும் எழுத்து நிழல் தட்டுகிறதா? ராத்திரியில் எதிரே வரும் பஸ் விளக்கு கீற்றுக் கீற்றாகச் சிதறுகிறதா? வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால், "பவர் கூடிப்போச்சு, வேற கண்ணாடி வாங்கிக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். அது கூம்புக் கருவிழி நோயாக இருக்கலாம். டாக்டர்கள் இதைக் கெரட்டோகோனஸ் என்பார்கள்.

இது என்ன நோய்?

கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் படலமே கருவிழி. நடுவில் அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். சீராக வளைந்திருக்க வேண்டிய இந்தப் படலம் சிலருக்கு மெலிந்து, கூம்புபோல முன்னே பிதுங்குகிறது. பெரும்பாலும் பள்ளிப் பருவத்தில் தொடங்கி, முப்பது முப்பத்தைந்து வயது வரை கூடிக்கொண்டே போகும். கண் அரிப்பு உள்ளவர்களுக்கும், கண்ணை ஓயாமல் கசக்குகிறவர்களுக்கும் இது அதிகம். இது தொற்றுநோய் அல்ல. சில குடும்பங்களில் ஒருவருக்கு மேல் வருவதுண்டு. ஆகவே கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கண் பரிசோதனை செய்வது நல்லது.

லென்ஸ் என்ன செய்கிறது?

மேடு பள்ளமான வயலில் தண்ணீர் கட்டினால் மேலே சமமாகத் தெரிகிறதல்லவா? அதுபோலத்தான் இதுவும். கூம்பான கருவிழியின்மேல் கெட்டியான லென்ஸை வைத்தால், இடையில் கண்ணீர் நிரம்பி மேடு பள்ளத்தை மறைக்கிறது. பார்வை தெளிகிறது. சாதாரண மெல்லிய லென்ஸ் கூம்பின் வடிவத்துக்கே வளைந்துகொள்வதால் நோய் முற்றியவர்களுக்கு அவ்வளவாகப் பயன்படாது.

கெட்டி லென்ஸ் உறுத்துகிறவர்களுக்கும் கூம்பு அதிகமானவர்களுக்கும் ஸ்கிலீரல் லென்ஸ் என்ற பெரிய லென்ஸ் உண்டு. இது கருவிழியைத் தொடாமல் வெள்ளைவிழியில் உட்கார்ந்திருக்கும். உள்ளே சுத்தமான உப்புநீர் நிரப்பிப் போட வேண்டும். இந்த லென்ஸ்களால் பலர் கருவிழி மாற்று ஆபரேஷன் இல்லாமலே காலம் தள்ளுகிறார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். லென்ஸ் பார்வையைத் தருமே தவிர, நோயை நிறுத்தாது. நோய் கூடுவதை நிறுத்த வேறு சிகிச்சை இருக்கிறது. வைட்டமின் பி2 சொட்டு மருந்து விட்டு, புற ஊதா ஒளி காட்டிக் கருவிழியைக் கெட்டிப்படுத்துவார்கள். ஜெர்மனியில் உருவான இந்த முறையின் பலன் 2003-ல் வெளியிடப்பட்டது. கருவிழி ரொம்பவும் மெலிவதற்கு முன்பே போனால்தான் இதைச் செய்ய முடியும். இதற்குப் பிறகும் லென்ஸ் தேவைப்படலாம்.

மறைத்தால் என்ன ஆகும்?

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். புதிதாக வந்த மருமகளுக்குக் கூம்புக் கருவிழி. "கண்ணுல கோளாறு உள்ள பொண்ணுன்னு மாமியார் சொல்லிடுவாங்களோ" என்ற பயம். லென்ஸைக் கழற்றாமலே தூங்குகிறாள். கழற்றினால் குடத்துத் தண்ணீரில் அலசி முந்தானையில் முடிந்துகொள்கிறாள். ஒருநாள் கண் சிவந்து, கண்ணைத் திறக்கவே முடியவில்லை. அப்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்கிறான் கணவன். "எப்படிங்க சொல்றது, பயமா இருந்துச்சு" என்கிறாள் அவள்.

மூடிய கண்ணுக்குள் லென்ஸ் இருந்தால் கருவிழிக்குப் போதிய பிராணவாயு கிடைக்காது. கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கும். அவை கருவிழியில் புண் உண்டாக்கும். புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். பார்வையே போகவும் கூடும். நோயைவிட அதை மறைத்ததுதான் இங்கே கெடுதல் செய்தது.

லென்ஸ் போடுவோர் கவனிக்க:

1. சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் துடைத்த பிறகே லென்ஸைத் தொடவும்.

2. லென்ஸில் தண்ணீர் படக் கூடாது. எச்சிலும் ஆகாது. அதற்கென்று கொடுத்த மருந்து நீரையே உபயோகிக்கவும். பழைய மருந்து நீரோடு புதியதைக் கலக்க வேண்டாம்.

3. படுக்கும் முன்பும், குளிக்கும் முன்பும், கிணறு குளத்தில் இறங்கும் முன்பும் கழற்றி விடவும்.

4. களத்துத் தூசியிலும் பூச்சிமருந்து அடிக்கும்போதும் காப்புக் கண்ணாடி அணியவும்.

5. லென்ஸ் டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மாற்றவும்.

6. கண்ணைக் கசக்கவே கூடாது. அரித்தால் டாக்டரிடம் சொட்டு மருந்து கேட்கவும்.

7. நன்றாகத் தெரிந்தாலும் டாக்டர் சொன்ன நாளில் போய்க் காட்டவும். கருவிழியின் வடிவம் மாறினால் பழைய லென்ஸ் கூம்பின் நுனியில் உராய்ந்து தழும்பாக்கும். ஒருவர் லென்ஸ் இன்னொருவருக்கு ஆகாது.

உடனே போக வேண்டிய அறிகுறிகள்

கண் சிவப்பு, வலி, வெளிச்சம் கூசுதல், நீர் வடிதல், கருவிழியில் வெள்ளை, திடீர் மங்கல். இவற்றில் ஒன்று கண்டாலும் லென்ஸைக் கழற்றுங்கள். லென்ஸையும் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தும் வேண்டாம்.

கணவன்மார்களுக்கும் மனைவிமார்களுக்கும்

கர்ப்ப காலத்தில் சிலருக்குக் கூம்பு கூடுவதுண்டு. ஆகவே கர்ப்பம் தரித்ததும் கண் டாக்டரிடமும் சொல்லுங்கள். பிள்ளைப் பேற்றுக்கு இந்த நோய் தடையல்ல. கைக்குழந்தை இருக்கும் வீட்டில், லென்ஸ் கழற்றும் பத்து நிமிஷம் குழந்தையைக் கணவன் வைத்துக்கொள்ளட்டும். "லென்ஸ் எடுத்தாச்சா?" என்று படுக்குமுன் ஒருவரையொருவர் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஒரு கண்ணைக் காப்பாற்றும்.

சந்தேகமிருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அங்கிருந்து கண் மருத்துவரிடம் அனுப்பி வைப்பார்கள்.

மறைக்க வேண்டாம்; கசக்க வேண்டாம்; கழற்றாமல் தூங்க வேண்டாம்!