கனமான கார் மிதக்காதா?

"ஒரு டன் வண்டிங்க, முழங்கால் தண்ணி என்ன செஞ்சிடப் போவுது?" சென்னைப் புறநகரில் அண்ணனூர், அயப்பாக்கம் பக்கம் வடகிழக்குப் பருவமழை வந்தாலே இந்தப் பேச்சு காதில் விழும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து போன வீடியோவைப் பார்த்த பிறகும், அங்கே ஆளுயரத்துக்கு வெள்ளம் வந்திருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

அவ்வளவு வெள்ளம் தேவையே இல்லை. சின்ன கார் ஒன்றின் எடை சுமார் 900 கிலோ. 900 லிட்டர் தண்ணீரை அது விலக்கிவிட்டால் போதும், மிதக்கும். ஆர்க்கிமிடீஸ் விதி இதுதான். காரின் நீளம் 3.7 மீட்டர், அகலம் 1.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் இருக்கும் இடத்தையெல்லாம் கழித்தாலும், தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் 50 லிட்டர் விலகும். 18 சென்டிமீட்டரில் 900 லிட்டர் ஆகிவிடுகிறது. வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து 17 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். இரண்டையும் கூட்டினால் 35. முழங்காலுக்கும் கீழேதான்! கதவு ரப்பர் வழியாகத் தண்ணீர் கசிந்து உள்ளே நிரம்பும் வரை அந்தக் கார் ஒரு படகு.

ஹேண்ட்பிரேக்கை நம்புகிறவர்களும் உண்டு. பெரும்பாலான கார்களில் இன்ஜின் முன்னால் இருக்கிறது, ஹேண்ட்பிரேக் பிடிப்பதோ பின்சக்கரங்களை. தண்ணீர் ஏறும்போது எடை குறைந்த பின்பக்கம்தான் முதலில் எழும்பும். தரையில் படாத சக்கரத்தை எந்த பிரேக் பிடித்து என்ன பயன்? 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தியவர்களைச் சிலர் கிண்டல் செய்தார்கள். காரை நிறுத்தியவர்கள் செய்தது முழுக்க முழுக்கச் சரி.

"மழைத் தண்ணி கலந்துடும், சம்ப்பைக் காலி பண்ணிடலாம்" என்பது மழைக்காலத்தில் காதில் விழும் இன்னொரு பேச்சு. இது கையைக் கடிக்கும். ஏரிகள் சூழ்ந்த இந்தப் பகுதியில் நல்ல மழைக்குப் பிறகு நிலத்தடி நீர் தரைமட்டம் வரை வந்துவிடுவதுண்டு. அப்போது மண்ணுக்குள் இருக்கும் காலித் தொட்டியும் மிதக்கத்தான் பார்க்கும். 5,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியைப் புதைத்து வைத்திருந்தால், சுற்றியுள்ள நீர் 5 டன் அளவுக்கு அதை மேலே தள்ளும். மேலே கிடக்கும் மண்ணின் எடை அதைப் பிடித்து வைத்தால் உண்டு. கான்கிரீட் சம்ப்பு கனமானது, சட்டென்று எழும்பாது. ஆனால் அடித்தளம் மெல்லியதாக இருந்தால் விரிசல் விழும். மழை எச்சரிக்கை வந்தால் சம்ப்பை நிரப்பி, மூடியை இறுக்கி மூடுங்கள். செப்டிக் டேங்கைக் காலி செய்ய லாரி கூப்பிடுவதையும் கோடையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மின்சார ரயில் பணிமனை இருக்கும் அண்ணனூரிலேயே, "ரயில் எவ்வளவு கனம், அதை ஏன் நிறுத்துறாங்க?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ரயில் மிதக்காது, உண்மைதான். ஆனால் அதைத் தாங்கும் ஜல்லி, தண்ணீருக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடையை இழக்கிறது. ஓடும் நீர் அதைச் சுலபமாக அரித்துக்கொண்டு போகும். மின்சார ரயிலின் மோட்டார்களும் பெட்டிக்கு அடியில், சக்கர அச்சை ஒட்டியே இருக்கின்றன. மிக்ஜாம் சமயத்தில் பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி இடையே பாலத்தில் தண்ணீர் ஏறியதும் ரயில்களை ரத்து செய்தது சரியான முடிவு.

எனக்கு அதிகம் கவலை தருவது, ஓடும் தண்ணீரில் இறங்கி நடப்பது. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். நிதானமான நடை வேகத்தில், விநாடிக்கு 1 மீட்டர் ஓடும் முழங்கால் தண்ணீர் உங்கள் இரு கால்களையும் சுமார் 6 கிலோ அளவுக்குத் தள்ளும். விநாடிக்கு 2 மீட்டர் என்றால் 24 கிலோ. அதோடு, தண்ணீர் இடுப்பளவு வந்துவிட்டால் உடல் எடையில் ஏறக்குறைய பாதியை அதுவே தாங்கிக்கொள்ளும். பாதம் தரையை அழுத்துவது குறைய, பிடிப்பும் குறையும்.

உங்களுக்கு முழங்கால் என்றால் கூட வரும் சின்னப் பிள்ளைக்கு அது இடுப்பு. கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். திரும்பிவிடப் பாருங்கள். வேறு வழியே இல்லையென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள். அந்த எடையும் சேர்ந்து உங்கள் பாதத்தைத் தரையில் அழுத்தும்.